மூன்றாம் ஓலையும் ஒரு பெட்டிப் பேய்ப் பாட்டும்

அத்தியாயம் 9

போன வாரம் தாயாரம்மாள் போட்ட நிபந்தனையைப் படித்துவிட்டு, "இந்த அம்மாளுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி" என்று நீங்கள் முணுமுணுத்திருப்பீர்கள். சத்யப்பிரியாவும் அப்படித்தான் முணுமுணுத்தாள், மனசுக்குள். வெளியே வந்தது, "சரிங்க அத்தை" மட்டும்தான்.

நிபந்தனை ரொம்ப சுருக்கம். சத்யாவின் தம்பி சாம்சன் வீட்டில் வைத்துக் கேட்கிற பேய்ப் பாட்டுக் கேசட்டுகள் ஒன்றுவிடாமல் ஒழிய வேண்டும். சும்மா ஒழித்தால் போதாது. மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முன்னால், கோயில் வளாகத்தில் நாலு பேர் பார்க்க அவனே தன் கையால் தீயில் போட வேண்டும். அப்போதுதான் தன் மகன் பாபு அந்த வீட்டில் பெண்ணெடுப்பான் என்று சொல்லிவிட்டாள்.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, போதகர் பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையார் முன்பு வாசித்து, "தடை ஏதும் உண்டா?" என்று கேட்பார். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். யாராவது இருமுவார்கள், யாராவது குழந்தையை அதட்டுவார்கள். மூன்றாவது முறையும் அப்படியே கழிந்துவிட்டால், அப்புறம் பந்தல்காரனுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

சத்யாவுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு விடிந்தது. விடிந்தும் விடியாமலும், பென்னலூர் வீட்டின் பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் அறையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பிவிட்டது.

அதைப் பாட்டு என்று சொல்ல சத்யாவுக்கு நாக்கு கூசும். ஒரு கிட்டார் ஒரு பக்கம் இழுக்கும். டிரம்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் வேறு கணக்கில் தட்டும். நடுவில் ஒரு கிழட்டுக் குரல் தொண்டைக்குள் சரளைக் கல்லை உருட்டும். திடீரென்று எல்லாம் நின்று, யாரோ தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது மட்டும் கேட்கும். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் இது. எத்தனையோ சாயங்காலம் அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறாள்.

எரியட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. நம் சத்யா அப்படி ஒன்றும் தியாகத் திருவுருவம் இல்லை.

இருபத்தேழு வயது. நிறம் குறைவு என்று ஒரு வரன் போனது. பெண்ணின் அப்பா ரத்தினம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்பதால் இன்னொன்று போனது. அம்மா ராஜம்மா ஜெபம் பண்ணிப் பண்ணி முழங்கால் காய்த்துப்போன சமயத்தில்தான், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பாபு வந்தான். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில் சூப்பர்வைசர். அவர்கள் கோயிலில் வாலிபர் சங்கச் செயலாளர். பார்க்கவும் வாட்டசாட்டம். ஒரு பெட்டி கேசட்டுக்காக அதை விடுவதா?

சத்யா பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

சாம்சன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிக் கேசட்டுகள். ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியால் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பெரிய மனுஷனைப் பாடையில் வைப்பதற்கு முன்னால் முகம் துடைப்பார்களே, அந்தப் பதவிசு.

"நிறுத்துடா. காலங்காத்தால எவனோ வாந்தி எடுக்கற மாதிரி கீது."

"கடைசித் தடவைக்கா. இந்தப் பக்கம் முடிஞ்சதும் நானே பொட்டில போட்டுடறேன்."

சொன்ன குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை வாசலிலேயே நிற்க வைத்தது. போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டவன், இன்று சண்டை போடுவான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதுல இன்னாதான்டா கீது?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

சாம்சனின் முகம் மாறிவிட்டது. "இங்க உக்காருக்கா. டிரம்ஸ் அடிக்கறவன் கணக்கு வேற, கிட்டார்க்காரன் கணக்கு வேற, கேக்குதா? ரெண்டு பேரும் தனித்தனியா எங்கியோ போயிகினே இருப்பானுங்க. இரு, இரு, தோ வருது. சேந்துட்டானுங்க பாத்தியா? அவ்ளோதான், மறுபடி பிரிஞ்சிட்டானுங்க."

"சேந்தவன் சேந்தே இருந்தா இன்னாவாம்?"

"அப்ப நான் எதுக்குக் காத்துகினு இருக்கணும்?"

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் இப்போதும் காதைக் குடையத்தான் செய்தது. ஆனால் தம்பியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டதில், எழுந்து போகவும் தோன்றவில்லை.

இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடித்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாம்சன் ஐ.டி.ஐ. முடித்து, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்த புதிது. புது மெஷினைப் பொருத்திக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்திருந்தான். சாப்பாட்டு வேளையில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் எதையோ போட்டுவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருப்பான். முதல் நாள் அதைக் கேட்ட சாம்சன், ரிக்கார்டர் ரிப்பேர் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றான். வெள்ளைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பக்கத்தில் ஒரு பலகையைத் தட்டி, உட்கார் என்றான்.

உட்கார்ந்தவன்தான், அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கேசட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டான். லீவு நாள் வந்தால் பஸ் ஏறிவிடுவான். மூர் மார்க்கெட், பர்மா பஜார், எங்கே பழைய இங்கிலீஷ் கேசட் குவித்துப் போட்டிருந்தாலும் குந்திவிடுவான். முதலில் அந்தக் கோணல்மாணல் ராக். அப்புறம் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே போய், பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பர்களின் ப்ளூஸ். ஸ்கிராப் தொட்டியில் கிடந்த இரும்பு வளையம் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, கிட்டார் கம்பி மேல் இழுத்து, அந்த அழுகையை அவனே வாசிக்கவும் கற்றுக்கொண்டான். ஞாயிறு தவறாமல் அதே கிட்டாரில்தான் கோயிலில் கீர்த்தனையும் வாசித்தான். போதகர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பாட்டு முடிந்து நாடா டக்கென்று நின்றது.

"நெஜமாவே குடுத்துடுவியாடா?"

"உனக்குக் கல்யாணம் ஆவணும்ல" என்றான் சாம்சன். கேசட்டை எடுத்துத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினான்.

கோயில் மதிலோரம் சருகு கொளுத்துகிற பள்ளம் ஒன்று உண்டு. சத்யாவும் சாம்சனும் அப்பா அம்மாவோடு போனபோது பாபு அதன் விளிம்பில் ஒரு கையில் மண்ணெண்ணெய் டின்னும் மறு கையில் போண்டாவுமாக நின்றுகொண்டிருந்தான். காலையில் சாப்பிடாமல் தாயாரம்மாளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தானாம். வழியில் வாங்கிய பொட்டலம் எண்ணெய் சொட்டிக்கொண்டு மதில்மேல் இருந்தது. அவன் சங்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் கேமராவோடு சுற்றி நின்றார்கள்.

"வா மச்சான்" என்றான் பாபு, வாய் நிறைய. "பொட்டியோட கவுத்துடாத. அது சாட்சியா இருக்காது. ஒண்ணொண்ணா டேப்ப உருவி உருவிப் போடணும்."

போண்டா தின்ற விரலாலேயே பெட்டியைத் துழாவினான். ஒவ்வொரு கேசட்டாக எடுத்து அட்டையைத் திருப்பிப் படிப்பான். சிலதைச் சாம்சனிடம் கொடுப்பான். சிலதை, "இது இன்னான்னு அப்புறம் பாக்கலாம்" என்று தனியாக மதில்மேல் வைப்பான். சாம்சன் அன்று காலையில் துடைத்துவைத்த அட்டைகள்மேல் எண்ணெய் ரேகை படிந்தது. சத்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும், மனுஷன் பொறுப்பாகப் பார்த்துச் செய்கிறான் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

சாம்சன் சொன்னபடி செய்தான். சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டு இழுக்க, பழுப்பு நாடா மடமடவென்று வந்து காலடியில் குவிந்தது. ஒரு பையன் அதை அள்ளி, சுற்றிச் சுற்றி, சாம்சன் கழுத்தில் மாலையாகப் போட்டான்.

"மாப்ள ரெடி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கேமரா மின்னியது.

"ஸ்தோத்திரம்" என்றாள் தாயாரம்மாள், திருப்தியாக.

ரத்தினமும் சிரித்தார். சம்பந்தி வீட்டார் சிரிக்கும்போது பெண்ணைப் பெற்றவன் சிரிக்காமல் இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, பல்லை மட்டும் காட்டிச் சிரித்தார். நாளெல்லாம் கேட்டில் ஆபீசர்களுக்குச் சல்யூட் அடித்து அடித்துப் பழகிப்போன சிரிப்பு அது. சத்யாவுக்குத் தன் அப்பாவைப் பார்க்கவே சகிக்கவில்லை.

பெட்டி காலியானதும் பாபுவின் பார்வை சாம்சனின் தோளில் தொங்கிய கிட்டாருக்குப் போனது. ஆராதனையில் வாசிக்க அவன் கொண்டுவந்திருந்தான்.

"அது?"

"அது பேச்சுல இல்லியே தம்பி" என்றாள் ராஜம்மா மெதுவாக.

"எரிக்கச் சொல்லல அத்தை. எங்க சங்கத்துக்குக் குடுத்துட்டா கர்த்தருக்காகப் பாடும். இவன்கிட்ட இருந்தா மறுபடி அந்தப் பேய்தானே வரும்?"

சாம்சன் அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தோடு நின்றிருக்கும். அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"குடுத்துடேன்டா" என்றாள்.

சொல்லி முடித்த கணமே தன் குரல் தனக்கே நாறியது. அப்பாவுக்குப் பல்லைக் காட்டத் தெரிந்தது, தனக்குக் கொசுவத்தைச் சரிசெய்யத் தெரிந்தது, இதில் அப்பாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சீ என்று வந்தது அவளுக்கு.

சாம்சன் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தான். பாபு மண்ணெண்ணெயை ஊற்றிக் குச்சியைக் கிழித்துப் போட்டான்.

இங்கேதான் அந்தக் கூட்டத்தின் மூளை எவ்வளவு தூரம் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். அந்தச் சபையில் பாதிப் பேருக்கு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில்தான் வேலை. பம்பர் வார்க்கிறவன், டேஷ்போர்டு வார்க்கிறவன், மூடி வார்க்கிறவன் எல்லோரும் அங்கே நின்றார்கள். பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

கேசட்டுகள் எரியவில்லை. உருகின. குமிழி குமிழியாகப் பொங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கறுப்புக் கூழாகி, அதிலிருந்து கரும்புகை கிளம்பியது. செம்பரம்பாக்கம் பக்கமிருந்து வந்த காற்று அதை வாரியெடுத்து நேரே கோயில் ஜன்னலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். கோயில் பணியாளர் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். நாற்றம் இரண்டு மடங்காயிற்று.

"பிசாசு போவும்போது இப்டித்தான் நாறும்" என்று தாயாரம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்கம் சொன்னாள்.

சத்யா கூட்டத்தை விட்டு விலகினாள். வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள். அங்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் கிட்டாரைக் கட்டிவைக்க வந்த பாபு, அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சத்யா, மூஞ்சி இப்டி சுருங்கிடுச்சு? தம்பிக்காவா?"

அவளுக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அந்தப் பாட்டுல பேய் கீதுன்னு நீங்க நெஜமாவே நம்பறீங்களா?"

பாபு சுற்றும்முற்றும் பார்த்தான். ரகசியம் சொல்கிற உரிமையோடு கிட்டத்தில் வந்தான்.

"பேயாவது கீயாவது. காலேஜ்ல நான் ராக் கேட்டு வளந்தவன். உன் தம்பிகிட்ட இருக்கற மாதிரி கலெக்‌ஷன் இந்த ஏரியாவுல எவன்கிட்டயும் கெடையாது, தெரியுமா?"

ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு துண்டில் சுற்றி, கேசட்டுகள். மதில்மேல் தனியாக வைத்தவை எல்லாம் அங்கே இருந்தன. காலையில் சாம்சன் கடைசியாகக் கேட்டதும் இருந்தது.

"ஒரிஜினல் எல்லாம் எடுத்து வச்சுட்டேன். எரிச்சது டூப்ளிகேட், ரெக்கார்டிங் பண்ணது, அவ்ளோதான்" என்று டிக்கியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

"அப்புறம் எதுக்கு அவனை அப்டி நிக்க வச்சீங்க?"

"உனக்கு ஒண்ணும் புரியாது. வர்ற மாசம் எங்க கோயில்ல கமிட்டி எலெக்‌ஷன். வாலிபருங்க ஓட்டு மட்டும் பத்தாது. சொந்த மச்சானையே மனந்திரும்ப வச்சவன்னு பேரு வந்துட்டா, பெரியவங்க யாரு எதுத்து ஓட்டுப் போடுவாங்க? ஃபோட்டோ எடுத்ததே அதுக்குத்தான்."

"அவன் கேசட்ட அவன்கிட்ட குடுத்துடுங்க."

"எரிஞ்சுபோன கேசட் எப்டித் திரும்பி வரும்?" என்று சிரித்தான். அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "கல்யாணம் ஆவட்டும். நம்ம வூட்ல ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்."

அவன் போய்விட்டான். சத்யா தன் கையைப் பார்த்தாள். போண்டா எண்ணெய் பிசுபிசுத்தது. குழாயடிக்குப் போய் மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவிய கையை மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். பேய் இருக்கிறது என்று நம்பிச் செய்திருந்தால்கூட அவனை மன்னித்திருப்பாள். தாயாரம்மாளையே மன்னித்துவிடலாம் போலிருந்தது. நம்பாதவன் நம்புகிற மாதிரி நின்று, பிடித்ததைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஒருத்தன் கழுத்தில் மாலையாகப் போட விட்டுச் சிரிக்க வைத்தானே. இவனோடுதான் ஒரே தட்டில் சாப்பிடப் போகிறோமா என்று நினைத்தபோது, அவளுக்கு நிஜமாகவே வாந்தி வந்தது.

ராஜம்மா ஓடிவந்து தலையைப் பிடித்தாள். "பொகைய மோந்துட்டியாடி?"

"அம்மா, எனக்கு இவரு வேணாம்."

"இன்னாடி உளர்ற?"

"வேணாம்மா. நிறுத்திடு."

"வாய மூடு. மூணாவது ஓலடி இன்னிக்கி. எதுவா இருந்தாலும் சாயங்காலம் பேசிக்கலாம்."

"சாயங்காலத்துக்குள்ள வாசிச்சு முடிச்சிருவாங்கம்மா."

முதல் மணி அடித்தது. ராஜம்மா மகளின் வாயைத் தன் முந்தானையாலேயே துடைத்து, உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிடியில் இருந்த பயம் சத்யாவுக்குத் தெரிந்தது. மூன்றாவது வரனும் போனால் அம்மா என்ன ஆவாளோ? அதை நினைத்துத்தான் அவள் பேசாமல் நடந்தாள்.

கோயிலுக்குள் மூச்சுவிட முடியவில்லை. ஃபேன் ஓடஓட நாற்றம் சுற்றிச் சுற்றி வந்தது. பெண்கள் பக்கம் எல்லோரும் கைக்குட்டையோடு இருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில், பாட்டுக்குழுவின் ஓரத்தில், சாம்சன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். கிட்டார் இல்லாமல் கீர்த்தனை இழுத்துக்கொண்டு போனது.

சாட்சி நேரத்தில் பாபு மைக்கைப் பிடித்தான். "இன்று காலை இந்த ஆலய வளாகத்தில், பிசாசின் பாட்டுகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எரிக்கப்பட்டன. கர்த்தர் அதற்கு என்னை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார்."

"அல்லேலூயா" என்றது சபை, மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஒன்றுகூட மிச்சமில்லாமல். அதைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொன்னான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சத்யா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வருஷக்கணக்காக இதே முகம் தன்னிடமும் இப்படித்தான் பேசும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

போதகருக்கு அன்று இன்னும் இரண்டு ஊர்க் கோயில் பாக்கி. அவசரத்தில் இருந்தார். கைக்குட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"ஸ்ரீபெரும்புதூர் சபையைச் சேர்ந்த பாபு என்பவருக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த ரத்தினம் அவர்களின் குமாரத்தி சத்யப்பிரியா என்பவருக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்கு, நியாயமான தடை ஏதேனும் உங்களில் எவருக்காவது தெரிந்திருந்தால் அறிவிக்க வேண்டும். இது மூன்றாம் முறை."

யாரோ இருமினார்கள். போதகர் அடுத்த அறிவிப்புக்குத் தாளைப் புரட்டினார்.

"எனக்குத் தெரியுங்க ஐயா."

தாள் நின்றது. போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெண்கள் பக்கம் தேடினார். புகைமூட்டத்தில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"யாரும்மா அது?"

"இப்ப வாசிச்சீங்களே, அந்தப் பொண்ணு."

ராஜம்மா மகளின் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சத்யா உட்காரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து சாம்சன் தலையை ஆட்டினான். வேணாம்கா என்று அவன் உதடு அசைந்தது.

போதகருக்கு இப்படி ஒன்று இதுவரை நேர்ந்ததில்லை. "சும்மா தடைன்னு சொல்லக் கூடாதும்மா. காரணம் சொல்லணும்" என்றார்.

பாபு எழுந்தான். சிரிப்பு இன்னும் மாறவில்லை. "ஒண்ணும் இல்லிங்க ஐயா. தம்பியோட பாட்ட எரிச்சதுல கோவம். நான் பேசிக்கறேன். நீங்க ஆராதனைய நடத்துங்க."

"கோவம் இல்ல" என்றாள் சத்யா. "அருவருப்பு."

அந்த வார்த்தை சபையில் விழுந்ததும் கைக்குட்டைகள் தாழ்ந்தன.

"ஒண்ணுகூட மிச்சம் இல்லன்னு இப்ப மைக்ல சொன்னாரே, என் தம்பி கேசட்டு பாதி அவரு ஸ்கூட்டர் டிக்கியில கீது. நான் கண்ணால பாத்தேன். தொறந்து பாத்துட்டு வந்து, அப்புறம் என் பேரைச் சேத்து வாசிக்கலாமான்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

"இன்னா திமிரு பாரு" என்று தாயாரம்மாள் எழுந்தாள். ஆனால் எழுந்தவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கை சட்டைப் பைக்குப் போய், உள்ளே இருந்ததை அப்படியே பொத்திக்கொண்டிருந்தது. தாயாரம்மாள் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று தள்ளப்படும் ஓசை கேட்டது. ரத்தினம் எழுந்து வந்தார். ஆபீசர் யாராவது எதிரே வந்தால் ஒதுங்குகிற மனுஷன், நடுவழியில் நேராக நடந்து பாபுவின் முன்னால் வந்து நின்றார். அந்தப் பழைய சிரிப்பு முகத்தில் இல்லை.

"சாவியக் குடுங்க தம்பி" என்றார். "கேட்டுல தெனம் எத்தினி வண்டி டிக்கியத் தொறந்து பாக்கறவன் நான். இதையும் பாத்துட்டு வந்துடறேன்."

பாபு போதகரைப் பார்த்தான். போதகர் தாளைப் பார்த்தார்.

ரத்தினம் நீட்டிய கையை மடக்கவில்லை.